கீழே போடாத சக்கரம்

— விடிஞ்சா எழுந்திரிக்கிறேன். பல் தேய்க்கிறேன். குளிக்கிறேன். சட்டையை மாட்டுறேன். பஸ் வருது, ஏறிடறேன். போதுமாக்கா?

— சாப்பிட்டீங்களான்னுதான் தம்பி கேட்டேன், பாடம் ஒப்பிக்கச் சொல்லலை. இந்தாங்க, டப்பாவைத் திறங்க. ஆமா, இந்தப் பீப்பாய்க்குள்ளதான் இருக்கா, என் தங்கச்சியோட சக்கரம்?

— ம். இன்னிக்கு லாரி ஏறுது. செயற்கைக்கோள்ல பேட்டரிக்குப் பதிலா இதை வைப்பாங்க. வெயில்ல இதைச் சுத்த விட்டுட்டா, இருட்டுல அந்தச் சுத்தல்லேர்ந்தே கரண்ட் எடுத்துக்கலாம்.

— நீங்க புருஷன் பொண்டாட்டியா எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம், மிக்சி ஓடினாக்கூட, "அக்கா, உள்ள எங்கயோ உரசுது"ம்பா.

— இது உரசாது. காந்தம்தான் தாங்குது, அது அவ வேலை. சக்கரம் எதையும் தொடாம அந்தரத்துல நிக்கும். உள்ள காத்தும் கிடையாது.

— அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணப்பவும் இதுதான் சுத்திக்கிட்டிருந்துதா?

— இதுதான்.

— சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி.

— அவளை வண்டி இடிச்சிடுச்சு, பயப்படாதீங்க, சீக்கிரம் வாங்கன்னுதானே சொன்னீங்க? சுத்தும்போது இதை விட்டுட்டு நகரக்கூடாது. அன்னிக்கு வேற ஆளும் இல்ல.

— ஃபேன் மாதிரி சுவிட்சைத் தட்டினா நின்னுடாதா?

— உரசினாத்தானே நிக்கும்? கொஞ்சம் கொஞ்சமாத்தான் வேகத்தைக் குறைக்கணும். அரை நாள் ஆகும்.

— வேற வழியே இல்லையா?

— இருக்கு. காந்தத்தை அணைச்சா சக்கரம் கீழ விழுந்து உடனே நின்னுடும். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குத்தான். அவ வருஷக்கணக்கா உயிரைக் குடுத்துச் செஞ்சது. அதை உடைச்சிட்டுப் போய் நின்னிருந்தா, என் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டா. அந்த ஒரு நினைப்புலதான்க்கா ஓடிக்கிட்டிருக்கேன். ஏன் அழறீங்க?

— ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.

— கடைசியாத் தண்ணி கேட்டாள்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. தண்ணிதான் கேட்டாளா?

— வேணாம் தம்பி.

— சொல்லுங்கக்கா.

— எனக்கு இந்தச் சக்கரத்தைப் பத்தி என்ன தெரியும்? ஃபேன் மாதிரின்னு நினைச்சேன். நிறுத்திட்டு வந்துடப் போறீங்க, இதை வேற எதுக்குச் சொல்லணும்னு போன்ல சொல்லாம விட்டுட்டேன்.

— எதை?

— "அக்கா, சக்கரத்தைக் கீழ போட்டுட்டு வரச் சொல்லு. உடைஞ்சா உடையட்டும், வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்."