புளிச்சகீரைக்கு வந்த போலீசு

அதான் கேக்குறேன், என் மூஞ்சியப் பாத்தா கஞ்சா வளக்குறவ மாதிரியா இருக்கு? ம்? நீ பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்தவ, நீயே சொல்லு இளமதி. பையக் கீழ வையி, முட்டை இருக்கா, பாத்து... ஒரு நிமிஷம்தான். உன் கதவு எங்கயும் ஓடிராது லா.

இந்தா, இந்தத் தொட்டியிலதான் இருந்துச்சு. போலீசுக்காரங்க செடிய வேரோட பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டு, மிச்சப் பூச்சிய எனக்கு விட்டுட்டுப் போயிட்டாங்க. என்ன செடியா? புளிச்சகீரைம்மா. தேக்கா மார்க்கெட்டுல வாங்கப் போனா கட்டு வாடிக் கெடக்கும், வெலை மட்டும் வாடாது. அதான் கிராஞ்சி நர்சரியில சொல்லிவச்சு வெதை வாங்கியாந்து போட்டேன். இடுப்பு ஒசரம் வந்துச்சு. எலை கைவெரல் மாதிரி அஞ்சஞ்சாப் பிரிஞ்சு நிக்கும். கஞ்சா எலையும் அப்படித்தான் இருக்குமாம். நான் என்னத்தக் கண்டேன்.

நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு மஞ்சளடிச்சுப்போச்சு. தண்ணி ஊத்துனாலும் தொங்குது, ஊத்தலேன்னாலும் தொங்குது. ஓரமாத் தோண்டிப் பாத்தா வேர் பூரா வெள்ள வெள்ளையா, மாவு அப்புன மாதிரி... மாவுப்பூச்சி. எலையில இருந்தா தொடச்சு விடலாம். வேருல போயி உக்காந்துக்கிட்டா யாரு என்ன பண்றது? எறும்புதான் தூக்கியாந்து விடுமாம். மிஞ்சுன டீய தொட்டியில ஊத்தாத பாப்பாத்தி, சீனிக்கு எறும்பு வரும்னு ஷமீமா சொல்லிக்கிட்டேதான் இருந்தா. டீ வீணாப்போகுதேன்னு நான் ஊத்துனேன். அது கெடக்கட்டும். ஷமீமா யாரா? அந்தா, கடைசி வீடு. அவ பேர எங்கிட்ட எடுக்காத.

சரி, நான்தான் எடுத்தேன். விடு.

போன்ல மருந்து தேடுனேன். ரோஜாவுக்குச் சொல்றான், ஆர்க்கிட்டுக்குச் சொல்றான், கீரைக்கு ஒருத்தன் சொல்லணுமே. வேர்ப்பூச்சியப் பத்தி வெலாவாரியா எழுதி வச்சிருக்கறது யாருன்னு நெனக்கிற? கஞ்சா வளக்குறவன். வெளிநாட்டுல சில எடத்துல வீட்டுலயே வளக்கலாமாம்ல, அவனவன் பெத்த புள்ளயப் பாக்குற மாதிரி பாக்குறான். மண்ண மாத்து, வேர அலசு, வேப்பம் புண்ணாக்கு போடுன்னு படத்தோட போட்டுருக்கான். இங்க சிங்கப்பூர்ல அந்தப் பேரச் சொன்னாலே வெனை, அது எனக்கும் தெரியும். ஆனா நான் மருந்துதான லா தேடுனேன், செடியவா தேடுனேன்? படத்துல பாத்தா அவன் செடியும் என் செடியும் அச்சு அசல் ஒண்ணா இருந்துச்சு. ஒரே சாதிபோல, மருந்தும் ஒண்ணாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்னிக்கு சாயங்காலம் வேர அலசிக்கிட்டு இருக்கேன், கையெல்லாம் சோப்பு. ஷமீமா ஓடியாறா. "போனக் குடு பாப்பாத்தி, போனக் குடு"ன்னு ஒரே பறப்பு. நான் பூச்சியக் காட்டி எவ்வளவு சொல்றேன், காதுலயே வாங்கல. கீரைக்குத்தான் வந்திருப்பான்னு ஒரு கை பறிச்சுக் குடுத்து அனுப்பிவிட்டேன். இருவத்தாறு வருஷப் பழக்கம்மா. அவ கீரையில எறா போட்டுக் கடைஞ்சா முதல் கிண்ணம் எங்க வீட்டுக்குத்தான் வரும்.

மறுநாள் காலையில கதவத் தட்டுனது ரெண்டு போலீசு ஆபீசர். கட்டிலுக்கு அடியில பாத்தாங்க, அரிசி டப்பாவுல பாத்தாங்க. எங்க வீட்டுக்காரரு கைலியோட நிக்கிறாரு, வந்த ஆபீசர்ல ஒருத்தரு விபூதிய மோந்து பாக்குறாரு. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு போலீசுலேர்ந்து போன் வருது, ஆன்ட்டி, இது கீரைதான்னு. ஏன், எனக்குத் தெரியாதா? இனிமே போன்ல வெளையாடாதீங்கன்னு வேற சொன்னான். என்ன வெளையாட்டுன்னு நான் கேக்கல, எனக்கு இருந்த கோவத்துல.

யாரு போட்டுக்குடுத்தா? ஷமீமாதான், வேற யாரு. இல்லாட்டி எதுக்கு போன் கேக்குறா? போலீசுக்குப் பேசத்தான? தன் போன்ல பேசுனா மாட்டிக்குவோம்னு என் போன்லயே... என்ன சிரிக்கிற? லிஃப்ட் வாசல்ல நாலு பேரு கேக்க நல்லாக் கேட்டுட்டேன், இத்தன வருஷம் தின்ன கீரைக்கு இதான் கூலியாடின்னு. அவ அழுதா. இப்ப நான் லிஃப்ட்ல நின்னா அவ முட்டிவலியோட படியில எறங்கிப் போறா. எனக்குந்தான் அதுலேர்ந்து சோறு எறங்கல. யார்கிட்ட சொல்றது இத.

என்னது? செடியப் பத்தி யார்கிட்டல்லாம் சொன்னேனா? யார்கிட்டயும் மூச்சு விடலியே. குரூப்ல கேட்டேன், அவ்வளவுதான். நம்ம பிளாக் வாட்சப் குரூப்பு, உன்னையும் சேத்து விடுறேன். நெறையப் பேரு இருக்காங்க. நம்ம வட்டாரத்து போலீசுக்காரருகூட இருக்காரு, ஏமாத்துற ஸ்கேம் எதுவும் வந்தா சொல்லுவாரு. அதுல செடியப் படம் புடிச்சுப் போட்டு, அந்தக் கஞ்சாக்காரன் எழுதுனதையும் சேத்துப் போட்டு, என் செடிக்கும் இதே வியாதி, மருந்து இருந்தா யாராச்சும் கொண்டாங்கன்னு... கொண்டாரணும்னா வீடு தெரியணும்ல, அதான் வீட்டு நம்பரும்...

வீட்டு நம்பரும் போட்டேன்.

ஒருத்தரும் பதில் போடலம்மா. ஷமீமாதான் ஓடியாந்தா. போனக் குடு, போனக் குடுன்னு... குரூப்ல போட்டத அழிக்கத்தான் கேட்டாளா? அடிப் பாவி, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. நான்... நான் எங்க சொல்ல விட்டேன்.

ஏய், பைய விட்டுட்டு எங்க போற? உன் வீடு இது. அது ஷமீமா வீடு. வேணாம் இளமதி... தட்டாதம்மா, நான் தலகூட வாரல. தட்டிட்டியா? செருப்புச் சத்தம் கேக்குது, அவதான், முட்டிவலிக்கு அப்படித்தான் இழுத்து இழுத்து நடப்பா. இங்க வா, கிட்ட வந்து நில்லு. கதவு தொறக்குது பாரு. இப்ப நான் என்னம்மா பேசுறது?