எழுபது மில்லி

பிறந்த குழந்தையை உடனே தாய்க்குத் தூக்கிக் காட்டுவது நல்ல வழக்கம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு கம்பெனிக்காகத் தொப்புள்கொடி ரத்தம் சேகரிப்பது என் வேலை. கொடியில் ஊசி குத்தி, வடிவதைப் பையில் பிடித்து அனுப்புவேன். ஆய்வகத்தில் அதைச் சுழற்றி, ஸ்டெம் செல் என்னும் மூல அணுக்களைப் பிரித்து, பிற்கால வைத்தியத்துக்கென்று திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். எழுபது மில்லிக்குக் குறைந்தால் பை தள்ளுபடி. என்னுடையவை தொடர்ந்து நான்கு தள்ளுபடியாயின. கோளாறு என் கையில்தானோ என்று நான் படிக்கும் மாலைக் கல்லூரி வகுப்பில் பாடம் காதில் ஏறாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒரு நோட்டுப் போட்டுக் குறிக்கத் தொடங்கினேன். கொடிக்குக் கிளிப் போடுமுன் குழந்தையை உயரத் தூக்கினால், அதன் ரத்தம் நஞ்சுக்கொடிக்கே திரும்பி இறங்குகிறது. தூக்கிய நேரம் கூடக்கூடப் பை நிறைந்தது.

ஆட்டையாம்பட்டி அமுதவல்லிக்கு எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. சின்ன உடம்பு.

"அம்மாவுக்கு நல்லாக் காட்டுங்க சிஸ்டர்," என்றேன்.

"கல்யாண வீட்டுப் போட்டோக்காரனாட்ட நிக்க வெக்கறீங்களே தம்பி. போதுமுங்களா?" என்று சுகன்யா சிஸ்டர் சிரித்தார்.

"இன்னுங் கொஞ்சமுங்க."

நூற்றுப் பத்து மில்லி வந்தது.

குழந்தை வெளுத்திருந்தது, அழவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பொருந்தும் ரத்தம் சேலத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அமுதவல்லியின் கணவர் நந்தகுமார் ரத்தப் பை இருந்த என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுல இருக்கறது பாப்பாவோட ரத்தந்தானுங்களே? இதையே ஏத்திப்புட முடியாதுங்களா?"

"அது பாப்பாவோட எதிர்காலத்துக்குங்க."

முடியுமா என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், எவ்வளவு எடுத்தாய் என்பார். நான் பஸ் ஏறிவிட்டேன். மாலைக்குள் குழந்தை இறந்தது. குறைமாதம் என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகும் ஏழு குழந்தைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்கிய விநாடி, மில்லி, குழந்தையின் நிறம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. நோட்டுப் போட்ட முதல் நாளே நிறத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சேமிப்புச் சான்றிதழை நானே ஆட்டையாம்பட்டிக்குக் கொண்டுபோனேன்.

"எம்புள்ள ரத்தம் பத்திரமா இருக்குதுங்களா, சாமி?" என்று அமுதவல்லி கேட்டார்.

"இருபது வருசத்துக்கு இருக்குமுங்க."

அவர் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எங்கள் கம்பெனியில் அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனவன் நான் ஒருவன்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.