ஃபோர்க் தண்டில் நான் போட்ட ஓட்டை

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. பந்தய சைக்கிள்களைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் தொழில். ஒயர்களை வெளியே தெரியாமல் மறைத்துக் கொடுப்பதால், கடைக்கு வருகிறவர்கள் ‘ஒயர் அண்ணன்’ என்று கூப்பிடுவார்கள். இன்று காலை ஒன்பதே காலுக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து, என் மனைவி ஓட்டிச் சென்றிருக்கும் சைக்கிள் முறியக்கூடும், மலை இறக்கத்துக்கு முன்பே அவளை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். ஆய்வாளர் மேடம் உடனே அவள் கலந்துகொண்டிருக்கும் மலைச் சைக்கிள் பயணத்தை நடத்துகிறவர்களுக்குத் தகவல் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை, நடந்ததைச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு பல் டாக்டர், மின்சாரத்தில் கியர் மாற்றும் கருவிகளோடு ஒரு கார்பன் சைக்கிளைக் கொண்டுவந்தார். “எல்லாம் இருக்கணும், ஆனா ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது” என்றார். அதன்பேரில் பேட்டரியைச் சீட்டுக் குழாய்க்குள் இறக்கி, கியர் பொத்தான்களை ஹேண்டில் பார் நாடாவுக்கு அடியில் பதித்தேன். அதன்பின் ஒயர் மட்டும் மிஞ்சியது. ஹேண்டில் பாரிலிருந்து சைக்கிள் சட்டத்துக்குள் போக அதற்கு வழியில்லை. இரண்டு அங்குலம் வெளியே விட்டிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். அந்த இரண்டு அங்குலத்தை விடுகிறவனுக்கு ஒயர் அண்ணன் என்று எதற்குப் பெயர் என்ற திமிரில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் தண்டில் ட்ரில் வைத்து ஆறு மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். கார்பன் தண்டில் ஓட்டை போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தண்டைச் சுற்றி வரும் பேரிங்கை மாட்டியதும் ஓட்டை மறைந்துவிட்டது, நானும் அதை மறந்துவிட்டேன்.

டாக்டர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, ஒயரெல்லாம் எங்கே போயிற்று என்று சிரித்தார். அந்தப் பாராட்டில் தலைகால் புரியாமல், அடுத்த வாரமே என் மனைவியின் கார்பன் சைக்கிளிலும் அதே வேலையைச் செய்தேன். அவள் கேட்கவே இல்லை. “ஒயர் தெரிஞ்சா என்ன, குடியா முழுகிடும்?” என்றுதான் சொன்னாள்.

அதன்பின் போன வாரம் டாக்டர் வந்து, பிரேக் பிடித்தால் முன்னால் டிக்கென்று சத்தம் வருகிறது என்றார். கழற்றிப் பார்த்தேன். ஓட்டையின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இருந்தது. அவர் பக்கத்திலேயே நின்றதால், அது மேல்பூச்சில் விழுந்த கீறல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கிரீஸ் தடவி மூடி, “ஒண்ணுமில்ல சார், பேரிங் காஞ்சு போயிருந்தது” என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நேற்று மதியம் பாலத்து இறக்கத்தில் அவர் பிரேக் பிடித்தபோது தண்டு முறிந்தது. தாடை உடைந்து, இன்னும் கண் திறக்காமல் மருத்துவமனையில் கிடக்கிறார். அவருடன் ஓட்டியவர்கள் சைக்கிளை என் கடையில் கொண்டுவந்து போட்டார்கள். சரியாக ஓட்டை இருந்த இடத்தில்தான் முறிந்திருந்தது.

இன்று காலை ஆறு மணிக்கு மனைவி கிளம்பினாள். ஏன் தடுக்கவில்லை என்று மேடம் கேட்கிறார். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் டாக்டர் விஷயமும் வெளியே வரும், கடை போய்விடும், ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் என்று பயந்தேன். மேலே ஏறும்வரை மெதுவாகத்தானே போவாள் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். அதன்பின் கடையைத் திறந்து அந்த முறிந்த தண்டைக் கையில் எடுத்ததும் அவளுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். அதன்பின்தான் இங்கே ஓடி வந்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, மேடத்தின் போன் அடித்தது. மலை உச்சியில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். மேடம் போனை என்னிடம் கொடுத்தார். ஓட்டையைப் பற்றியும், அதன் ஓரத்தில் விழுந்த கோட்டைப் பற்றியும், டாக்டரைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். அதன்பின் அவள், “காலைல டயருக்குக் காத்தடிச்சு, பார்த்துப் போன்னு அனுப்பி வச்சது நீங்கதானே” என்றாள். ஆமாம் என்றேன்.

யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசியாக அவளிடம் ஆமாம் என்று சொன்னது உட்பட எல்லாம் உண்மை.

(கையொப்பம்)