மூங்கிலோடைப் பாறைத் திட்டு

மாசி மாதத்தில் மலையேறப் போகிறவர்கள் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். காலை ஒன்பது மணி வரை புல்லில் பனி நிற்கும், முதல் ஜோடி அதிலேயே நனைந்துவிடும். பதினொரு மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பிக்கும். ஈரக்காலோடு அதில் நடந்தால் கொப்புளம்தான். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை ஐயா. பத்தொன்பது வருடம் கல்வராயன் மலையில் நடந்து தெரிந்துகொண்டது.

நீங்கள் பிரவீன்குமாரைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

என் பெயர் தீனதயாளன். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியர், வயது ஐம்பத்து நான்கு. மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது. அதற்கும் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போவேன். அது வளர்ந்து இருபது பேர் கொண்ட ஒரு குழுவாயிற்று. யார் வந்தாலும் என் பின்னால்தான் நடக்க வேண்டும் என்பது குழுவின் ஒரே விதி.

போன வருடம் பிரவீன்குமார் வந்து சேர்ந்தான். சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை இங்கே வீட்டிலிருந்தே பார்க்க ஆரம்பித்திருந்தான். நல்ல பிள்ளை. வாட்ஸப் குழு தொடங்கினான், வீடியோ போட்டான். ஆறு மாதத்தில் நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். தை மாதக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, இனி நான் ஆலோசகர் என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அதற்கடுத்த நடையில், "சார், உங்க முட்டி வலிக்கும். நீங்க வேன்லயே இருங்க சார், நான் கூட்டிக்கினு போய் வந்துடறேன்" என்றான். வேன் ஓட்டுநரோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபமெல்லாம் இல்லை. அப்படி எழுதினால் அது சரியாக இருக்காது.

மாசியில் பெரிய நடை ஒன்று முடிவாயிற்று. மூங்கிலோடையில் இறங்கி அக்கரை ஏறி வெள்ளிமலை ரோட்டைப் பிடிப்பது. வழி உறுதியான பிறகுதான் குழுவில் போடுவதாக இருந்தான், அதுவரை அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலை என்னிடம்தான் கேட்டான். இருபத்திரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். பனிக்காலம் முடிகிற சமயத்தில் மலை வாரத்துக்கு வாரம் மாறும். போன வாரம் ஈரமாயிருந்த மண் இந்த வாரம் உதிரும். மூங்கில் சருகு விழுந்து வழியை மூடும். அதனால் கூட்டத்தைக் கூட்டிப் போகும் முன் ஒருவர் தனியாகப் போய் வழியைப் பார்த்து வர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தேன். அது நியாயமான அறிவுரை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

நானே அப்படி ஒரு முறை பார்த்து வந்தேன். தை கடைசியில். ஓடைக்கு மேலே சாமை விதைக்கிற ஆயம்மாள் என்ற அம்மா என்னை நிறுத்தினாள்.

"அந்தாண்ட போவாதீங்க சார். புயல் மழையில வழி புட்டுக்கினு பூடுச்சி. மேல சருவு மூடிக்கினு இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. எங்க ஆடு ரெண்டு வுழுந்துடுச்சி."

போய்ப் பார்த்தேன். சொன்னது உண்மைதான். பாறைப்படிகள் இருந்த இடத்தில் படிகள் இல்லை. மேலே சருகு மட்டும் பாதை போலவே வளைந்து போயிற்று. கால் வைத்தால் இருபதடி சரிந்து, ஒரு பாறைத் திட்டில் விழ வேண்டியதுதான். திட்டுக்குக் கீழே இன்னும் நாற்பதடிப் பள்ளம். திட்டிலிருந்து ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஆயம்மாள் வழியின் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தாள். திரும்பும்போது அதை இழுத்து ஓரமாகப் போட்டேன். பொது வழியை அடைத்து வைக்கக் கூடாது.

அந்த வாரம் பிரவீன்குமார் போனைக் கொண்டுவந்து காட்டினான். "சார், இந்த ஆப்ல லைன் காட்டுது பாருங்க. ஓடையில எறங்கி அந்தாண்ட ஏறுது. கரெக்டா சார்?"

"நான் முப்பது தடவை போன வழிப்பா. லைன் கரெக்ட்டுதான்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. புயலுக்குப் பிறகு வழி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாசி பத்தாம் தேதி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் வழி பார்த்து வரத் தனியாகப் பைக்கில் கிளம்பினான். நான் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து ஓடையை நெருங்கும்போது மணி ஒன்று. விசில் சத்தம் கேட்டது. மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. முறைப்படி ஊதினான். என் பட்டியலில் அது ஏழாவது குறிப்பு.

விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். திட்டில் சாய்ந்திருந்தான். வலது தொடை கோணலாகக் கிடந்தது.

"சார்... சார் வந்துட்டீங்களா! கால் ஒடைஞ்சிடுச்சி சார். கயிறு இருக்குதா சார்?"

"இல்லப்பா" என்றேன்.

என் பையில் முப்பது மீட்டர் கயிறு இருந்தது. எதற்காக இல்லை என்று சொன்னேன் என்று நீங்கள் நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. ஆனால் சொன்ன பிறகு கயிற்றை எப்படி வெளியே எடுப்பது? அவன் பார்ப்பானே. என்னை என்னவென்று நினைப்பான்? அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நானும் ஏற முடியாத, இறங்க முடியாத இடத்தில்தான் நின்றேன். இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தண்ணீர் பாட்டிலையும் கடலை மிட்டாயையும் துண்டில் கட்டி அவன் மடியில் விழும்படி போட்டேன். ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலையிறங்கினேன்.

சாயங்காலம் அவன் மனைவி தமிழ்ப்ரியா என் வீட்டு வாசலில் நின்றாள். போன் எடுக்கவில்லை என்றாள். "உங்ககிட்ட எதனா சொன்னாரா சார்? எந்தப் பக்கம் போறேன்னு?"

"மேற்குப் பக்கமாப் போறதா சொன்னாம்மா" என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஐம்பது பேர் வந்தார்கள். வனத்துறை ஆட்களும் வந்தார்கள். பைக் நின்ற இடத்திலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. மலை தெரிந்தவர் சார்தான் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வரைபடத்தை விரித்து, ஐம்பது பேரையும் ஆறு பிரிவாக்கி, மேற்குச் சரிவுக்கு அனுப்பினேன். ஓடை இருக்கிற கிழக்கை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் முட்டியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அன்று திட்டுக்கு மேலே உட்கார்ந்து அவனோடு நெடுநேரம் பேசினேன். ஆட்கள் சுற்றி வருகிறார்கள், வழி மோசம், நேரமாகும் என்றேன். நம்பினான். இரவு குளிர் தாங்கவில்லை என்றான். முழங்காலை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சருகைச் சட்டைக்குள் திணித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன், உடனே செய்தான். காற்று திரும்புவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தப் பாறை உதிரும், எது உதிராது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார், ஆமா சார்" என்றான். ஒரு வருடத்தில் அவன் என்னிடம் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. கடைசியில், "தமிழ்ப்ரியா தனியாப் போவாதன்னு சண்டை போட்டா சார். அவ சொன்னதுதான் கரெக்ட்டுன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றான். சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அவன் குரல் தேய்ந்திருந்தது. தொடையிலிருந்து வாடை மேலே வரைக்கும் வந்தது. அப்போதும் கயிறு பையில்தான் இருந்தது. அவனுக்குத் தெம்பு வர ஓடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆயம்மாள் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இன்னா சார், யாராண்ட பேசிக்கினு இருக்கீங்க?"

"போன்ல பேசிக்கினு இருக்கேம்மா."

"இங்க ஏது சார் டவரு?"

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஓரமாகக் கிடந்த முள்ளையும் பார்த்தாள். ஊர்ப்பக்கம் ஓடினாள். நான் ஓடவில்லை ஐயா, அங்கேயே இருந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் மகன் தர்மனும் இன்னும் ஐந்து பேரும் மாடு கட்டுகிற கயிறுகளை முடிந்து எடுத்து வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அவனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. கம்பில் துணி கட்டிச் சுமந்து ரோட்டுக்கு இறங்கும் வழியில் உயிர் போயிற்று. போகும் முன், நான் மேலே நின்றதுகூட நினைவில்லாத காய்ச்சல் மயக்கத்தில், ஆயம்மாளிடம் பேசினானாம். அதை அவள் உங்கள் முன்னால் எப்படிச் சொன்னாள் என்பதை நானும் கேட்டேன்.

"தீனதயாளன் சாருக்குச் சொல்லுங்க, நான் கெடைச்சிட்டேன்னு. பாவம், அவரு எனக்காக ஆள் தேடிக்கினு அலைவாரு."

அதைச் சொல்லும்போது அவள் ஏன் என் மேல் காறித் துப்பினாள் என்று எனக்குப் புரியவில்லை. அது மரியாதையான வார்த்தை. கடைசி நேரத்தில் ஒருவன் வாயில் என் பெயர் வந்திருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது இதுதான் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். வழி உடைந்திருப்பது தெரிந்தே அவனை அனுப்பினேன். முள்ளை நான்தான் எடுத்தேன். தேட வந்தவர்களைத் திருப்பி விட்டேன். கயிற்றை வைத்துக்கொண்டே மூன்று நாள் அவனைச் சாகவிட்டேன். கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள்.