பொத்தானை அழுத்தாமல் ஓடிய மேசை

ஒரு மைக்ரான் பிசகையும் விடமாட்டேன் என்பதால் என்னை எல்லோரும் மைக்ரான் என்றே கூப்பிடுவார்கள். வயது அறுபத்தெட்டு. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் மாடியில் வசிக்கிறேன். கீழே நானும் என் தம்பியும் நடத்தும் பட்டறை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். இயந்திர வேலை நானாகக் கற்றது. நேற்றுத் தம்பியின் விரல்கள் நசுங்கியதற்கு, நான் வேண்டுமென்றே ஓட்டும் பொத்தானை அழுத்தியதே காரணம் என்று தம்பி மனைவி கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டுக் கூறுவதாவது.

இரும்பைச் செதுக்கும் எங்கள் மில்லிங் மெஷினை ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. ஒரு மாதமாக இரும்பைத் தாங்கி நகரும் அதன் மேசை நேர்கோட்டில் ஒழுங்காகவும் வளைவில் திக்கித் திக்கியும் ஓடியது. நான் மேசையை நகர்த்தும் ஸ்குரூவைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பெல்ட்டை மாற்றினேன், கிரீஸ் வைத்தேன். குணம் தெரியவில்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைத் தம்பி கூட்டி வந்தான்.

அவர், "பெரியவரே, இரும்புல ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது" என்றார்.

"எனக்குந்தான் வயசாயிடுச்சு. நான் என்ன திக்கித் திக்கியா நடக்குறேன்?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். போகும்போது, கம்ப்யூட்டருக்குப் பாரம் குறையும் என்று, வெட்டும் பாதையைத் திரையில் வரைந்து காட்டும் படத்தையாவது மூடி வைக்கச் சொன்னார். படம் இல்லாமல் வெட்டு எங்கே போகிறது என்று தெரியாது என்பதால் நான் மூடவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, வெட்டும் கருவியைக் கழற்றிவிட்டு மேசையை மட்டும் ஓட்டினோம். ஸ்குரூவில் ஆட்டம் இருந்தால் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். நாற்பது வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன். என் விரல்கள் மரத்துப்போனதால் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். ஓடும்போது கை வைக்காதே, நின்ற பிறகு வை என்றும் சொன்னேன். நான் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். வளைவு சிறிதாகத் தெரிந்ததால் மவுஸ் சக்கரத்தை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மேசை நின்றது.

"நின்னுடுச்சுண்ணே, பாக்கட்டுமா?" என்றான்.

"பாரு" என்றேன்.

மேசைக்கும் ஓரத்து இரும்புத் தாங்கிக்கும் நடுவில் இரண்டு விரல்களை விட்டான். நான் உருட்டுவதை நிறுத்தினேன். மேசை ஓடியது. உடனே அவசரத்துக்கான சிவப்புப் பொத்தானை அடித்தேன். மேசை நின்ற பிறகு நான் அழுத்திய பொத்தான் அது ஒன்றுதான்.

அதன் பிறகு மருத்துவமனையில் தம்பி, "நீ அழுத்தலைன்னு எனக்குத் தெரியும்ணே. அப்ப யாரு?" என்று கேட்டான்.

இன்று காலை பட்டறைக்கு வந்த காவலர் முன்னிலையில் பத்து முறை ஓட்டிக் காட்டினேன். படத்தை மூடினால் வளைவில் திக்கவில்லை. படத்தைத் திறந்து பெரிதாக்கினால் மேசை நின்றது. மவுஸை விட்டால் தானே ஓடியது.

காவலர், "என்ன பெரியவரே, நீங்க பாத்தா நிக்குது, பாக்கலைன்னா ஓடுது?" என்றார். ஒரு படத்தைப் பார்ப்பதற்கும் இரும்பு நகர்வதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

மேசை நின்ற பிறகு ஓட்டும் பொத்தானை நான் அழுத்தவில்லை, அதில் மாற்றமில்லை. எழுதிய அதிகாரி இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒப்பவில்லை. "பாரு" என்று சொன்னது நான்தான் என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதியதை இருமுறை படிக்கக் கேட்டேன். நடந்தது இதுதான், நான் சொன்னதில் ஒரு சொல்லும் விடுபடவில்லை.

(ஒப்பம்)
மைக்ரான்