காலேஜ் வேலியில் கிள்ளிய கொழுந்து

பிள்ளைகளே, நேற்றுச் சாயங்காலம் தாப்பாவிலிருந்து மலைமேல் தானா ராத்தாவுக்கு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பம். மகளுக்குத் தஞ்சோங் மாலிமில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பழைய காலேஜ் ஊரை ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“ஏம்மா, காலேஜ் வேலிச் செடியில போய் யாராச்சும் கொழுந்து கிள்ளுவாங்களா?” என்றாள் மகள்.

“நீ ஹாஸ்டல் பாக்க உள்ள போயிட்ட. எனக்கு வரக் கூச்சமா இருந்துச்சு. வெளிய நிக்க நிக்க மனசு ஒரு மாதிரி ஆச்சு, கை அதுவா கிள்ளிருச்சு.”

“ஒரு பை நெறயவா? வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா ஓடி வந்து திட்டுறாரு!”

“திட்டல லா. இது தேயிலை இல்லன்னு சொல்லிச் சிரிச்சாரு.”

பஸ் இரண்டு வளைவு தாண்டியது. பிறகு மகள் மெதுவாக, “நான் போகலம்மா. தோட்டத்து லைன் வீட்டுல நீங்க தனியா இருப்பீங்க. தானா ராத்தாவுல ஏதாச்சும் கடையில வேலை பாக்குறேன்” என்றாள்.

“கடையில நிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்? போய்ச் சேரு.”

“அப்புறம் ஏன் அழுவுறீங்க?”

“அழுகை வருது, அழுவுறேன். அதுக்காக நீ போகாம இருப்பியா?”

மகள் தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“நீ சேர்ற அன்னிக்கு நானும் வருவேன் பாப்பா. ஆனா கேட்டுக்கு வெளிய நிக்க மாட்டேன். அவ்வளவு பழைய கட்டடம், உள்ள எப்படி இருக்குன்னு நானும் பாக்கணும்.”