ஓடுதளம் காலி

பழைய வெர்ஷன் நல்லதா, புதியது நல்லதா என்று யாராவது கேட்டால், உங்கள் கணினியில் மெமரி எவ்வளவு என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் பதில் சொல்வது, காலைப் பார்க்காமல் செருப்பு விற்கிற மாதிரி. கடையில் இருந்த காலத்துப் பழக்கம் இது. நீங்கள் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கணினி பழுதுபார்ப்பவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றில்லை, யாரும் எனக்காக மெனக்கெடவில்லை, நானும் விட்டுவிட்டேன். குடும்பத்தில் கல்யாணமாகாத ஒருவன் இருந்தால் மற்றவர்களுக்கு வசதி. ஃபேன் ஓடாவிட்டால் கூப்பிடலாம், ஆஸ்பத்திரியில் இரவு தங்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடலாம். அக்கா போன பிறகு அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அத்தானைப் பார்த்துக்கொள்ள அவர் வீட்டோடு வந்து சேர்ந்தேன்.

அத்தான் பஸ் டிரைவர். வாழ்நாள் முழுக்க ஊர்ப் புகையைத் தின்று நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மெஷின். குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவருடைய உலகம். கட்டில், ஜன்னல், கழிவறை. கரண்ட் போனால் மெஷினை இன்வெர்ட்டர் தாங்கும். அதுவும் காலை வாரினால் இருக்கட்டுமென்று என் அறையில் ஒரு சிலிண்டர். அதைத் திறக்கும் சாவி என்னிடம்.

நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்கச் சகிக்காமல், கடையில் யாரோ கொடுத்துவிட்டு வாங்கவே வராத ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்தேன். அதில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "சைடு மிர்ரர் எங்கடா?" என்பதுதான். மேலே போனால் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன். "அப்ப ஹாரனும் கிடையாதா? என்னடா வண்டி இது?" என்றார். மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

உள்ளதைச் சொன்னால், பழையது மட்டமான சரக்கு. மலைகள் மடித்து வைத்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். கடல் என்றால் வெறும் நீலம். திரும்பும்போது படம் திக்கித் திக்கி வரும், நொடிக்கு இருபது படம் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். கட்டுப்பாட்டுக் கோபுரம் படத்தில் இருக்கும், ஆனால் வாயைத் திறக்காது. கோபுரம் பேசாமல் எப்படி இறங்குவது என்று அத்தான் கேட்டார். கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டியை எடுத்துப் பழகாதவர். அதனால் நான் கோபுரமானேன்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். கோபுரம் விமானிக்குப் பக்கத்தில் உட்காராது அல்லவா. அதனால் என் நாற்காலியை அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். திரையை நான் பார்க்கக் கூடாது. அவர் வேகத்தையும் உயரத்தையும் சொல்லிவிட்டு, "டவர், இறங்கலாமா?" என்று முறையாகக் கேட்க வேண்டும். "ஓடுதளம் காலி, வாங்க" என்று நான் சொன்னால்தான் இறங்கலாம். சில சமயம் காரணமே இல்லாமல், "பொறுங்க, இன்னொரு சுத்து" என்பேன். "யோவ் டவர், எண்ணெ தீந்துபோச்சுய்யா, பாசஞ்சரெல்லாம் திட்டுறான்" என்று கத்துவார். ஆனாலும் சுற்றுவார். ஒரு தடவைகூட என் அனுமதி இல்லாமல் அவர் சக்கரம் தரையைத் தொட்டதில்லை.

அதற்கு முன் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதியதை அனுப்பியது அத்தானின் மகள். வேறு ஊரில் வேலை. நல்ல பெண், அப்பா மேல் உயிர். "மாமா, அப்பாவுக்குப் புது சிஸ்டம் அனுப்பிருக்கேன், புது வெர்ஷனும் சேத்துதான். நீங்கதான் எல்லாம் செட் பண்ணிக் குடுக்கணும்" என்றாள். செட் பண்ணிக் கொடுத்தேன். ஒயரெல்லாம் கட்டி, தூசி புகாமல் இடம் பார்த்து, என் கையால்தான் வைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிடவே முடியாது. மேகத்துக்குள் புகுந்தால் கண்ணாடியில் ஈரம் படிகிறது. நொடிக்கு அறுபது படம், துளிகூடத் திக்கவில்லை. எங்கள் தெருவே அதில் இருந்தது. தான் ஓட்டிய பஸ் ரூட்டை மேலிருந்து ஸ்டாப் ஸ்டாப்பாகத் தேடிப் பார்த்து அத்தான் அழுதார். அக்கா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து நிற்கும் ஸ்டாப்பின் மேலே மூன்று முறை சுற்றினார். நானும் அழுதேன்.

அதில் கோபுரம் தானாகவே பேசியது. ஆண் குரல், பெண் குரல், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குரல். அது மட்டுமில்லை, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதே வானத்தில் பறந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவர்களோடு பேசிக்கொண்டே போகலாம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழக்கமானார். நம் மொழிக்காரர், எங்கோ தூரத்தில் தனியாக இருக்கிறவர். இருவரும் இறக்கையோடு இறக்கை உரசாமல் ஜோடியாகப் பறந்தார்கள். அத்தான் வாயெல்லாம் பல்.

பழக்க தோஷத்தில் சில நாள் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "நீ ஏன் மாப்ள சும்மா ஒக்காந்திருக்க? போய் வேற வேலை இருந்தா பாரு" என்றார் அத்தான். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வேறு வேலை இல்லை. ஒப்புக்குச் சப்பாணியாக இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நாற்காலியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

முதலில் செய்தது சின்ன விஷயம். அவர் தூங்கும்போது செட்டிங்கில் சிலவற்றை மாற்றிவைத்தேன். புதியதும் திக்க ஆரம்பித்தது. "இது நம்ம வீட்டுக்கு ஒத்துவராது அத்தான். பழசயே போட்டுரட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஹெட்போனில் வாத்தியாரிடம் சொன்னார். எதை எங்கே அழுத்த வேண்டும் என்று வாத்தியார் அங்கிருந்தே சொல்லிக்கொடுக்க, அத்தானே சரிசெய்துவிட்டார். "ஒன்னவிட வாத்தியாருக்கு வெவரம் ஜாஸ்தி மாப்ள" என்று சிரித்தார். கடையில் என் வேலையை இதுவரை ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

இன்வெர்ட்டர் விஷயம் அதற்குப் பிறகு. புதிய கணினி மின்சாரத்தை நிறைய இழுக்கும். கணினியையும் ஆக்ஸிஜன் மெஷினையும் ஒன்றாகத் தாங்க எங்கள் இன்வெர்ட்டருக்குத் திராணி இல்லை. இது உண்மை, யாரை வேண்டுமானாலும் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். "ரெண்டையும் தாங்காது அத்தான், ஒண்ண மாத்தணும்" என்று அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் நடுவானில் இருந்தார். ஹெட்போனைக் கழற்றாமலே கையை ஆட்டி, "ஒனக்குத் தெரிஞ்சதப் பண்ணு மாப்ள" என்றார். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கணினியை இன்வெர்ட்டரில் விட்டுவிட்டு, மெஷினைச் சாதாரண லைனுக்கு மாற்றினேன். அவர் அனுமதி கொடுத்துத்தான் மாற்றினேன் என்பது இதிலிருந்து தெரியும்.

அதன் பிறகு ஒரு நாள் மதியம் கரண்ட் போனது. கணினி பாட்டுக்கு ஓடியது. மெஷின் நின்று, பீப் பீப் என்று கத்தியது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் அத்தானுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டார். நான் சிலிண்டரோடு ஓடிவந்து குழாயை மாற்றினேன். முகத்தில் ரத்தம் திரும்பியதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ இல்லன்னா இன்னிக்கி நான் இல்லடா" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அவர் ஹெட்போனைத் தொடவில்லை. என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான்.

அந்த மாதத்தில் இன்னும் சில தடவை கரண்ட் போனது.

பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பீர்கள். அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். தெருவில் கரண்ட் இருந்தது. எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை நான்தான் இறக்கினேன். முதல் தடவையும் நான்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இறக்கினேன். அவர் முதல் தடவை கூப்பிட்டதுமே போய்விடுவேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். வேறு யாரும் அவரை அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கடைசிக்கு முந்தைய தடவை, குழாயை மாற்றி, முதுகைத் தடவிக் கொடுத்து, வெந்நீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வரும்போது ஹெட்போனை மறுபடி மாட்டியிருந்தார். வாத்தியார் என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார் போல. "ஒண்ணுமில்ல சார், சிலிண்டர் மாத்துனாங்க. வீட்ல அதுக்கு ஒரு ஆள் இருக்கு" என்றார்.

ஒரு ஆள் இருக்கு. எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு மட்டும் காலியாகிவிட்டது. வெந்நீரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்தது நீங்கள் கேட்கும் அந்த நாள். சுவிட்சை இறக்கிவிட்டு, என் பழைய நாற்காலியைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து, அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சிலிண்டரைக் காலருகில் வைத்துக்கொண்டேன். சாவி கையில். மெஷின் கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள" என்றார். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, சத்தம் கேட்டுத் திரும்பி, நான் பின்னாலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். நான் அவரைப் பார்க்கவில்லை. கோபுரம் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"முறையாக் கேளுங்க அத்தான்" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் என் அத்தான். வாத்தியாருக்கு நூறு வருஷம் ஆனாலும் அது புரியாது. கட்டிலின் கம்பியைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து, "டவர்... எறங்கலாமா?" என்றார்.

அத்தனை மாதம் கழித்து அதைக் கேட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே எழுந்திருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது.

"பொறுங்க" என்றேன். "இன்னொரு சுத்து."

அவர் இன்னொரு முறை கேட்டார். அந்த முறை குரல் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. ஆனால் கேட்டார். நான் அதற்கும் பொறுங்கள் என்றுதான் சொன்னேன். மூன்றாவது முறைக்காகக் காத்திருந்தேன்.

அவர் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து வாத்தியாரின் குரல் எறும்பு அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. யார் அங்கே, ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தியிருக்கிறார் மனுஷன். நான் பேசியதெல்லாம் அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்டதாம். புதியதில் மைக்கின் தரம் அப்படி, சுவரைப் பார்த்துப் பேசியதைக்கூடத் தெளிவாகப் பிடித்திருக்கிறது. உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவர்தானே. பழையதாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அப்புறம் நான் எழுந்து திரும்பினேன். சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினேன். "ஓடுதளம் காலி, வாங்க" என்றும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், வாத்தியாரைக் கேளுங்கள். திரையில் அவர் விமானம் தானாகவே வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் அறுபதிலேயே நின்றது, ஒரு தடவைகூட இறங்கவில்லை. நீங்கள் கதவைத் தட்டும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். அத்தான் மகளும் போனில் இதையேதான் கேட்டாள், மாமா என்று கூப்பிடாமல் கேட்டாள். அவர் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், நான் ஏன் அவரைக் கொல்ல வேண்டும்? சுவிட்சை இறக்கியது நான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். பொறுங்கள் என்று இரண்டு முறை சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம், வேகம், சத்தம் எல்லாவற்றிலும் புதியதுதான் உசத்தி, அதை நான் மறுக்கவில்லை. அதிலே எத்தனையோ கோபுரங்கள் இருந்தன, வாத்தியாரும் கழுத்தருகிலேயே இருந்தார். ஆனாலும் இறங்கும் நேரம் வந்தபோது அத்தான் என்னைத்தான் கேட்டார். அதனால் பழையதுதான் நல்லது என்று எழுதிக்கொள்ளுங்கள்.